விறைத்த விரலுக்கு என்ன வழி? வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்ததிலிருந்து பரிசலிலும் கயாக்கிலும் மீன்பிடிக்கப் போகிறவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவை கையும் காலும் மரத்துப்போவதைப் பற்றியவை. அவற்றில் எட்டுக்கு இங்கே பதில். கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டு உள்ள துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகு. பரிசலை நம் ஊரில் விளக்கத் தேவையில்லை.

மேட்டூர் அணையில் பரிசலில் செவுள்வலை போடுகிறோம். விடியலில் வலை எடுக்கும்போது விரல் மரத்து, கண்ணியிலிருந்து மீனை விடுவிக்கவே முடிவதில்லை. தண்ணீருக்குள் கையை விட்டால் இதமாக இருக்கிறது. வெளியே எடுத்தால்தான் குளிர்கிறது. இது ஏன்? என்ன செய்யலாம்? – வாசகர், கொளத்தூர்

நீங்கள் கவனித்தது மிகச் சரி. மார்கழி விடியலில் அணைத்தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். தண்ணீர்மேல் புகைபோல ஆவி எழுவது அதனால்தான். உங்கள் கையைக் குளிரவைப்பது தண்ணீரின் குளிர்ச்சி இல்லை, கையில் ஒட்டிய தண்ணீர் காற்றில் ஆவியாவது. மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். பானை தன் வெப்பத்தைக் கொடுத்து ஈரத்தை ஆவியாக்குகிறது; பரிசலில் அந்த வேலையை உங்கள் விரல் செய்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு அரை லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். அணையில் காற்றுக்குத் தடுப்பே கிடையாது என்பதால் ஆவியாவது இன்னும் வேகமாக நடக்கிறது.

இரண்டாவது காரணம் உடம்புக்குள் இருக்கிறது. நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கினால், உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை நடுவுடம்பில் வைத்துக்கொள்ளும். ஆகவே விரல் குளிர்கிறது என்றால் முதலில் மூடவேண்டியது நெஞ்சை. சட்டைக்கு மேல் கையில்லாத கம்பளி பனியன், அதன்மேல் காற்றுப்புகாத மழைக்கோட்டு, காதை மூடும் குல்லாய், இவை மூன்றும் இல்லாமல் எவ்வளவு நல்ல கையுறை போட்டாலும் பயன் குறைவு. உடம்புச் சூட்டில் பாதி தலைவழியே போகிறது என்பார்கள். அது மிகை, தலையின் பரப்புக்கு ஏற்றபடி பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் போகும். ஆனாலும் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ஒரே இடம் தலை என்பதால் குல்லாய் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை உயிர்காக்க மட்டும் என்று நினைக்கிறார்கள். அதன் நுரைப்பட்டை நெஞ்சுக்கும் முதுகுக்கும் நல்ல போர்வை. குளிருக்காகவாவது அதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி கைக்கு வருவோம். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது அக்ரிலிக் கையுறை. வெளியே முழங்கைக்குப் பக்கம் வரை வரும் ரப்பர் அல்லது பி.வி.சி. கையுறை, உங்கள் அளவைவிட ஒன்று பெரியது. இரண்டும் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து வெறுங்கையைவிட மோசமாகும். ரொம்பத் தளர்ந்தால் விரல்நுனி கண்ணியில் சிக்கும். போட்டுக்கொண்டு விரல்களை முழுதாக மடக்க முடியவேண்டும், நுனியில் அரைவிரல்நகம் அளவுக்கு மேல் வெற்றிடம் இருக்கக்கூடாது. இதுதான் அளவு.

வெளிக்கையுறையின் வாயை 3 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். வலையை மேலே தூக்கும்போது கையுறைமேல் வழியும் தண்ணீர் முழங்கைக்கு ஓடாமல் அந்த மடிப்பில் தங்கும், அவ்வப்போது உதறிவிடலாம். கெளுத்தி முள் குத்தி ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் உள்கம்பளி நனைந்து காலைமுழுக்க ஈரமாகவே இருக்கும். முதல்நாள் இரவே கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, வாயைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். எங்காவது பீச்சினால் மாற்றிவிடுங்கள். இன்னொரு ஜோடி உள்கையுறையைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கூடவே வைத்திருப்பது நல்லது.

மீனை விடுவிக்கக் கையுறையைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ஒவ்வொரு மீனுக்கும் கழற்றி மாட்டாதீர்கள். வலையை முழுதாகப் பரிசலுக்குள் எடுத்துப்போட்டுவிட்டு, கரையோரமாகக் காற்று அடங்கிய இடத்துக்கு வந்து, ஒரே மூச்சில் எடுங்கள். எடுக்கும்முன் கையை ஒரு காய்ந்த துண்டால் துடையுங்கள். கையில் ஈரம் இல்லாவிட்டால் பாதிக் குளிர் போய்விடும்.

காலுக்கு ஒரு வார்த்தை. பரிசலில் குந்தி உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் மடங்கி அழுந்தும், அடியில் சேரும் தண்ணீரும் பாதத்தை விடாமல் நனைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்றுங்கள், தண்ணீரை உடனுக்குடன் மொண்டு ஊற்றுங்கள். பாதத்துக்கடியில் யோகாவுக்கு விற்கும் நுரைப்பாயில் ஒரு துண்டு போடலாம். தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்து அணைத்தண்ணீரில் கலக்கும்.

பரிசலில் ஒரு சட்டியில் கரிநெருப்பு வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், மேட்டூர்

வேண்டாம். தார் பூசிய அடியோ பிளாஸ்டிக் விரிப்போ எளிதில் பற்றிக்கொள்ளும், பரிசல் சுழன்றால் சட்டி உங்கள் மடியில் கவிழும். மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது என்பதால் தோல் கருகிய பிறகுதான் தெரியவரும். அதற்குப் பதில் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் 60 டிகிரி அளவுள்ள ஒரு லிட்டர் வெந்நீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டுங்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றக்கூடாது. கை விறைக்கும்போது சட்டைக்குள் விட்டு இரண்டு நிமிடம் வைத்தாலே விரல் மடங்கும்.

ஏற்காட்டில் தோட்டத்துக் குட்டையில் கயாக் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தூண்டில் போடப் போவேன். 2 மி.மீ. நியோபிரீன் கையுறை வாங்கினேன். அதைப் போட்டும் கை குளிர்கிறது. இன்னும் தடிமனாக வாங்கவேண்டுமா? – வாசகர், ஏற்காடு

வேண்டாம். நியோபிரீன் என்பது நுண்ணிய வாயுக்குமிழ்கள் நிறைந்த ரப்பர் நுரை. அதில் செய்த உடுப்பு தண்ணீருக்குள் மூழ்கி வேலைசெய்கிறவர்களுக்காக வந்தது. உள்ளே புகும் கொஞ்சம் தண்ணீரை உடம்புச் சூடு வெதுவெதுப்பாக்கும், நுரை அந்தச் சூட்டைக் காக்கும். நீங்கள் கையைத் தண்ணீருக்கு வெளியே, காற்றில் வைத்திருக்கிறீர்கள். கையுறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணி ஈரத்தை உறிஞ்சி, விடாமல் ஆவியாக்கிக் கையைக் குளிரவைக்கிறது. கொளத்தூர் வாசகருக்குச் சொன்ன அதே மண்பானைக் கணக்குதான். நியோபிரீனே வேண்டுமென்றால் வெளிப்பக்கம் துணியில்லாமல் வழவழப்பான ரப்பராக இருப்பதைப் பாருங்கள். அதில் தண்ணீர் தங்காது. தடிமனைக் கூட்டினால் துடுப்பைப் பிடிக்கவே கூடுதல் பலம் வேண்டும், முன்கை சீக்கிரம் சோரும்.

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில், அடிவாரத்தைவிட உங்களுக்கு ஏறக்குறைய 8 டிகிரி குறைவு. கை மரக்க அது போதும். ஆனாலும் பனிநாட்டுச் சாமான் எதுவும் தேவைப்படாது. துடுப்பு வலிக்கும் நேரத்துக்குக் கைக்கூடு போதும். அதாவது துடுப்புத் தண்டின்மேல் மாட்டியிருக்கும் பை. கையை அதற்குள் நுழைத்து, வெறுங்கையால் தண்டைப் பிடிக்கலாம். தையல்காரரிடம் கொடுத்தே தைத்துவிடலாம். அளவு இதோ.

மழைக்கோட்டுத் துணியில் 62 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு. அதே அளவில் பழைய ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் துணியில் உள்வரி இரண்டு. வெளித்துணியோடு உள்வரியை வைத்து நீளத்தில் பாதியாக மடித்தால் 31 செ.மீ. வரும். மடித்த ஓரம் துடுப்புத் தண்டை ஒட்டி விரல்முட்டியின்மேல் வரப்போகும் பக்கம். இரண்டு பக்க ஓரங்களையும் 1 செ.மீ. விட்டுத் தையுங்கள். மடிப்பிலிருந்து முதல் 5 செ.மீ.யை மட்டும் இரு பக்கமும் தைக்காமல் விடவேண்டும். தண்டு அதன்வழியே போகும், 3 செ.மீ. விட்டமுள்ள தண்டுக்கு அந்த இடைவெளி சரியாக இருக்கும். திறந்த வாயை 1 செ.மீ. மடித்து அடியுங்கள். நடுவில் கழற்றும் துடுப்பானால், கழற்றி இரண்டு பாதியிலும் ஒவ்வொன்றாக நுழைத்து மாட்டலாம். மணிக்கட்டு வரும் வாயில் எலாஸ்டிக் வைக்கவே கூடாது. கயாக் கவிழ்ந்தால் கை ஒரே இழுப்பில் வெளியே வரவேண்டும். தையல்காரர் அழகுக்காக எலாஸ்டிக் வைக்கப் பார்ப்பார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தூண்டில் வீசும்போது கையை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். அதற்கு மணிக்கட்டில் 10 செ.மீ. அகலக் கம்பளிப்பட்டை பின்னிப் போட்டுக்கொள்ளுங்கள். நாடி பார்க்கும் இடத்தில் ரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே காத்தால் விரலுக்குப் போகும் ரத்தம் சூடாகவே போகும்.

பெரும்பாலானோர் கவனிக்காதது இன்னொன்று. பல இழை பின்னிய தூண்டில் நரம்பு தண்ணீரை உறிஞ்சி, ரீலைச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் விரலில் பிழியும். குளிர்காலத்துக்கு ஒற்றை இழைத் தங்கூசிக்கு மாறினால் கை காய்ந்திருக்கும். துடுப்புத் தண்டில் தட்டுக்கு 15 செ.மீ. கீழே ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். தட்டிலிருந்து வழியும் தண்ணீர் கைக்கு வராமல் சொட்டிப்போக அது உதவும். அது நழுவிக் கைப்பக்கம் வந்திருந்தால் பழைய இடத்துக்கே தள்ளுங்கள். அலுமினியத் தண்டானால் பிடிக்கும் இடத்தில் சைக்கிள் கைப்பிடிக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றுங்கள்.

மேல்தளத்தில் உட்காரும் வகைக் கயாக் வாங்கினேன். அடியில் இருக்கும் ஓட்டைகள்வழியே தண்ணீர் வந்து குதிகால் எப்போதும் ஈரம். ஓட்டைகளை அடைத்துவிடலாமா? – வாசகர், எடப்பாடி

அந்த ஓட்டைகள் மேலே விழும் தண்ணீர் வடியத்தான் இருக்கின்றன. ஆள் எடை கூடும்போது கீழிருந்தும் தண்ணீர் ஏறும். காவிரியின் அமைதியான தேக்கத்தில், குதிகாலுக்கும் இருக்கைக்கும் கீழே உள்ளவற்றை மட்டும் ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். பின்பக்கச் சாமான் தட்டில் இருப்பவை திறந்தே இருக்கட்டும். காற்று கிளம்பி அலை ஏறினால் அந்த அடைப்பான்களையும் உடனே பிடுங்கவேண்டும், இல்லாவிட்டால் தளத்தில் தண்ணீர் தேங்கிப் படகு ஆடும். ஆகவே அடைப்பானில் ஒரு விரல் நுழையும்படி கயிறு கட்டிவையுங்கள். தளத்தில் குதிகால் படும் இடத்தில் 10 மி.மீ. நுரைப்பாயை 20 செ.மீ. சதுரமாக வெட்டி ஒட்டினால், தேங்கும் கொஞ்சம் தண்ணீருக்கு மேலே குதிகால் நிற்கும். காலை மிதிகட்டையில் விறைப்பாக ஊன்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஊன்றிய பாதத்தில் ரத்த ஓட்டம் குறையும்.

என் மகன் டொராண்டோவில் இருக்கிறான். ஏப்ரல் மாதத்திலேயே ஒன்டாரியோ ஏரியில் கயாக்கில் மீன்பிடிக்கப் போகிறானாம். கேட்டதிலிருந்து தூக்கமில்லை. இங்கிருந்து சாக்ஸ், கையுறை வாங்கி அனுப்பலாமா? என்ன வாங்குவது? – வாசகி, சூரமங்கலம்

உங்கள் கவலை நியாயமானதுதான், அம்மா. சாக்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மகனிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தண்ணீருக்கு ஏற்ற உடுப்பா, காற்றுக்கு ஏற்ற உடுப்பா போடுகிறாய்?" ஏப்ரலில் அங்கே வெயில் இதமாக இருக்கும் நாளிலும் ஏரித்தண்ணீர் உறைநிலையைவிடச் சில டிகிரிதான் மேலே இருக்கும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லிக்கொடுத்தார். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாக வாரி இழுக்கும். அப்போது செய்யவேண்டியது மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவது மட்டுமே. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். படகில் ஏறுவதை அதற்குள் முடிக்கவேண்டும். குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை மிதக்கவைப்பது லைஃப் ஜாக்கெட். அதைக் கழற்றவே மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே உடுத்தவேண்டியது கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாதபடி அடைபட்ட டிரைசூட். அது தண்ணீரைத்தான் தடுக்கும், சூடு தராது. உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ வேண்டும். காலில் முதலில் மெல்லிய கம்பளி சாக்ஸ், அதன்மேல் தடித்தது, அதன்மேல் டிரைசூட்டோடு சேர்ந்த உறை, எல்லாவற்றுக்கும் மேலே வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிய நியோபிரீன் பூட்ஸ். போட்டபிறகு கால்விரல் அத்தனையும் அசையவேண்டும். அசையாவிட்டால் தடித்த சாக்ஸைக் கழற்றிவிடுவதே மேல்.

இரும்புத்தூள், உப்பு, கரித்தூள் கலந்த கைச்சூட்டுப் பொட்டலங்கள் அங்கே கிடைக்கும். இரும்பு துருப்பிடிக்கும்போது வரும் சூடுதான் அது. காற்று இருந்தால்தான் வேலைசெய்யும். அதனால் அடைபட்ட பூட்ஸுக்குள் போட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும், நனைந்தால் அதோடு முடிந்தது. நெஞ்சுப்பக்கம் வெளிப்பையில், துணிக்கு மேல் வைக்கலாம். வெறும் தோலில் படக்கூடாது. தண்ணீரில் நின்று மீன்பிடிக்கும் ரப்பர் கால்சட்டையைக் கயாக்கில் போடக்கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையும். அது ஆளைக் கீழே இழுக்காது, ஆனால் அந்தப் பாரத்தோடு படகில் ஏறமுடியாது. இன்னொரு சோதனையையும் சொல்லிக்கொடுங்கள்: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொடமுடியாத நிமிடத்தில் தூண்டிலைச் சுருட்டிக் கரைக்குத் திரும்பவேண்டும்.

இங்கிருந்து எதை அனுப்புவது? பருத்தியை அனுப்பாதீர்கள். சேலத்துக்காரர்களுக்கு இது மனதுக்கு ஒப்பாது. ஆனால் நம் வெயிலுக்கு அருமையான பருத்தி, நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். உங்களுக்குப் பின்னத் தெரியுமென்றால் கம்பளி நூலில் இரண்டு ஜோடி மணிக்கட்டுப் பட்டையும், லைஃப் ஜாக்கெட் கழுத்தில் இடிக்காத ஒரு மெல்லிய குல்லாயும் பின்னி அனுப்புங்கள். அவை கட்டாயம் உதவும். சுக்குப்பொடியும் சேர்த்து அனுப்பலாம், ஃபிளாஸ்கில் சூடாக எடுத்துப்போகட்டும். மது மட்டும் கூடாது. அது தோலின் ரத்தக்குழாயை விரித்துச் சூடாகிவிட்டது போலக் காட்டி, நடுவுடம்புச் சூட்டை வெளியே விட்டுவிடும்.

சாக்ஸுக்குள் மிளகாய்த்தூள் போட்டால் கால் சூடாக இருக்கும் என்கிறார்களே? தைலம், தேங்காய் எண்ணெய் தடவினால்? – வாசகர், அம்மாப்பேட்டை

மிளகாய் எரிச்சலைத்தான் தரும், சூட்டைக் கூட்டாது. ஈரத்தில் ஊறிய பாதத்தில் அது புண்ணாகும். யூக்கலிப்டஸ் தைலமும் உணர்வு மட்டுமே. தேங்காய் எண்ணெயோ வாசலினோ குளிரைத் தடுக்காது, ஆனால் தோல் வெடிக்காமல் காக்கும். கிளம்பும்போது பூசினால் பிடி வழுக்கும். இரவில் படுக்கும்முன் தடவுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் மீன் அலசினால் என் மனைவியின் இரண்டு விரல் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து வலிக்கிறது. ரத்தசோகையா? – வாசகர், ஓமலூர்

ரத்தசோகையில் நிறம் இப்படி வரிசையாக மாறாது. வெள்ளை, நீலம், சிவப்பு என்ற இந்த வரிசைக்கு ரேனோ நோய் என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-ல் விவரித்தது. குளிர் பட்டதும் விரலின் நுண்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்குவதால் வருகிறது. பெண்களுக்கு அதிகம். வெளுத்தவுடன் விரலை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது கையை நேராக நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது முப்பது தடவை சுழற்றினால் ரத்தம் நுனிவரை ஓடும். மீன் அலச வெதுவெதுப்பான தண்ணீரும் ரப்பர் கையுறையும் இருக்கட்டும். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அந்தப் புகையும் அவருக்கு ஆகாது. ரத்தக்கொதிப்புக்குத் தரும் மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை இதைக் கூட்டக்கூடும். சாப்பிடுகிறார் என்றால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல்நுனியில் புண் வந்தாலோ, மூட்டுவலியும் சேர்ந்தாலோ, முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டவேண்டும்.

அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. விடியலில் பரிசலில் போய்வந்ததும் கால் விறைத்துவிட்டது என்று வெந்நீரில் முக்குகிறார். சரியா? – வாசகர், மேட்டூர்

நீங்கள் தண்ணீரைச் சோதித்துக் கொடுத்தால் மட்டும் சரி. பல ஆண்டு சர்க்கரை பாத நரம்பின் உணர்வைக் குறைத்துவிடும். அவருக்கு இதமாகத் தோன்றும் தண்ணீர் தோலை வேகவைக்கும் சூட்டில் இருக்கலாம். தெர்மாமீட்டர் இருந்தால் 37, 38 டிகிரி. இல்லாவிட்டால் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், சூடு உறைக்காமல் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கவேண்டும். பத்து நிமிடம் போதும். அடுப்புக்கு முன் காலை நீட்டுவது, ஒத்தடப் பை, பரபரவென்று தேய்ப்பது மூன்றும் கூடாது. பிறகு விரலிடுக்குவரை ஒற்றி எடுத்துக் காயவிட்டு, காய்ந்த சாக்ஸ் போட்டுவிடுங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் எதுவும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். அவரால் குனிந்து பார்க்கமுடியாது. படகில் செருப்பில்லாமல் போகவேண்டாம். முழங்கால்வரை வரும் கம்பூட்ஸும் வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் நிறைந்துவிடும், கழற்றவும் வராது. கணுக்கால் மூடும், பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் வாங்கிக்கொடுங்கள். மாற்றுச் சாக்ஸ் ஒன்று எப்போதும் அவர் பையில் காய்ந்தபடி இருக்கட்டும்.